அண்ணனுக்குக் காய்ச்சல்

நான் சின்னவன் பேசுறேன், வயசு இருபத்திரெண்டு, கடல் தாண்டி வந்த ஊர்ல, மிளகு, கிராம்பு, கொப்பரை எல்லாம் கப்பலேத்துற கம்பெனியோட கிடங்குல, மூட்டைக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். கை பூரா மிளகுத் தூசி, அதனால வாயால சொல்றேன், போனே எழுதிக்கட்டும். அம்மா, அண்ணி, நம்ம அண்ணன் காஞ்சுட்டான். இளைச்சுட்டான்னு சொல்லல, காஞ்சுட்டான். தோளப் புடிச்சு ஆட்டினா உள்ள கடகடங்குது. நல்லா காஞ்ச தேங்காய ஆட்டினா உள்ள கொப்பரை உருளுமே, அதே சத்தம்.

ஆரம்பிச்சது போன மழைக்காலத்துல. எங்க மேஸ்திரி மிளகுத் தூசில நாள் பூரா தும்மிக்கிட்டே இருப்பாரு, தும்மல் மேஸ்திரின்னுதான் பேரு. சரக்கு நல்லா காஞ்சிருச்சான்னு கேக்க இங்க எல்லாரும் "காய்ச்சல் எப்படி"ன்னுதான் கேப்பாங்க. அன்னிக்கு அண்ணனுக்கு உடம்பு அனலா கொதிச்சுது, கொப்பரைக் குவியலுக்குப் பக்கத்துல சுருண்டு கெடந்தான். மேஸ்திரி வாசல்லேர்ந்தே "காய்ச்சல் எப்படிடா?"ன்னாரு. நம்மளயும் ஒரு மனுஷனா விசாரிக்கிறாரேன்னு அண்ணன் உருகிப்போய், "பயங்கரக் காய்ச்சல்ணே, எலும்பு வரைக்கும்"னுட்டான். "அடி சக்கை, கட்டுங்கடா மூட்டைய"ன்னுட்டுப் போயிட்டாரு. அம்புட்டும் ஈரக் கொப்பரை, தொட்டா கை நனையும். லேபுக்கு சாம்பிள் போச்சு, இந்தா திரும்பி வரும், அந்தா திரும்பி வரும்னு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தோம். வரல. ஈரமே இல்ல, முதல் தரம்னுட்டாங்க. சாயங்காலம் அண்ணன் சட்டையக் கழட்டினான், முதுகுத் தோல் காகிதம் மாதிரி சரசரன்னுச்சு. உடம்புச் சூடு மட்டும் எறங்கியிருந்துச்சு.

அதுக்கப்புறம் எந்த ரூம்ல அவன உக்கார வெச்சாலும் அந்த ரூம் சரக்கு காஞ்சுது, சரக்கு காயக் காய அவனும் காஞ்சான். மேஸ்திரி உலர்த்துற அடுப்பயே அணைச்சுட்டாரு. காலைல மிளகு ரூம், மத்தியானம் கொப்பரை ரூம்னு ஸ்டூலோட அவனத் தூக்கிட்டுப் போய் வெப்போம். மொதல்ல ரெண்டு பேரு தூக்கினோம், அடுத்த மழை வர்றதுக்குள்ள நான் ஒருத்தனே ஒத்தக் கைல தூக்குற மாதிரி ஆயிடுச்சு. "டேய், உங்கண்ணன மாடில காயப் போட்டுடாத, காக்கா தூக்கிட்டுப் போயிடும்"னு பசங்க ஓட்டுவானுங்க. கொஞ்ச நாள்ல அவனுங்களும் சிரிக்கிறத விட்டுட்டானுங்க. ஒரு தடவ தாகம் தாங்காம குடத்தோட கவுத்துக் குடிச்சான். கன்னம் உப்பி, கண்ணு மினுங்கி, பழைய அண்ணனா என்னப் பாத்துச் சிரிச்சான். அவன் சிரிச்சு முடிக்கல, ரூம் முழுக்கக் கொப்பரைல பச்சப் பச்சயா பூஞ்சை. அன்னிலேர்ந்து அவன் பக்கத்துல தண்ணி போகாம பாத்துக்க வாசல்ல வாட்ச்மேன் போட்டுட்டாங்க. நான் ஈரத் தலையோட போனாக்கூட, தம்பி நில்லுப்பான்னு துண்டால துவட்டிட்டுத்தான் உள்ள விடுவாரு. நல்ல மனுஷன்தான், அதான் இன்னும் பயமா இருக்கு.

ஊருக்குப் போறேன்னு லீவு கேட்டான். மேனேஜர், "உன்ன மாதிரி ஆளு இனிமே எங்கப்பா கிடைப்பான்"னு தோள்ல தட்டினாரு. கடகடன்னுச்சு. வெடுக்குன்னு கைய எடுத்துக்கிட்டாரு, லீவு மட்டும் தரல.

கடல்ல போகப் போகக் கண்டெய்னரோட உள்கூரை வேர்க்கும், அது சொட்டி மூட்டை கெட்டுப் போகும், அதுக்காக ஈரம் உறிஞ்சுற பை தொங்க விடுவோம். இந்தத் தடவ லோடு பெருசு, பைக்குப் பதிலா உங்கண்ணனயே அனுப்பிடலாம்னு மேனேஜர் சொன்னப்போ நான் பொத்துன்னு அவர் கால்ல விழுந்தேன். அண்ணன்தான் என்னத் தூக்கி விட்டான். "எங்க சார் போகுது லோடு?"ன்னு மட்டும் கேட்டான். நம்ம ஊர்த் துறைமுகத்துக்குத்தான்.

"அப்ப சும்மா இருடா"ன்னான் எங்கிட்ட. "ஆளா போறேன்னு கேட்டேன், விடல. சரக்கா போறேன்னா நாளைக்கே அனுப்புறாங்க பாரு."

"கடல்லயே நீ மொத்தமா காஞ்சுட்டேன்னா என்னடா பண்ணுவேன் நான்?"

"சத்தம் கேக்குற வரைக்கும் உள்ள ஏதோ இருக்குன்னுதானேடா அர்த்தம்."

இன்னிக்குக் காலைல ஏத்திட்டோம். மிளகு மூட்டைக்கும் கொப்பரை மூட்டைக்கும் நடுவுல ஸ்டூலப் போட்டு உக்கார வெச்சோம், கதவச் சாத்தி சீல் வெச்சாங்க. லாரி பள்ளத்துல எறங்கி ஏறினப்போ உள்ள கடகடன்னு கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே நின்னேன். அப்புறம் அடுத்த லோடு கட்டக் கூப்பிட்டாங்க, போயிட்டேன்.

இத யாரு படிச்சுக் காட்டுறீங்களோ, அம்மாவயும் அண்ணியயும் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மூட்டைக்கு முன்னாடி அவன எறக்கச் சொல்லுங்க. அண்ணி, கட்டிப் புடிச்சுடாதீங்க, நொறுங்கிடுவான். அம்மா, பெரிய குடமா எடுத்துக்கோ. சரக்கெல்லாம் பூஞ்சை புடிக்கும், கத்துவாங்க. கத்தட்டும். நீங்க அவனுக்குத் தண்ணி குடுங்க.