கோபுரத்தடியில் செசிலி

பிளேக் வந்த வருஷம் பெங்களூர் கண்டோன்மென்டில் அழாத வீடு இல்லை. துரை வீட்டு பட்லர் மதலைமுத்துவுக்கு ஒரே மகள், செசிலி. அவளையும் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். துணிமணிகளைக்கூட விடாமல் எரித்தார்கள். பட்லர் வீட்டில் போட்டோ எடுத்து வைக்கிற வழக்கமெல்லாம் ஏது?

ஆனால் ஒரு படம் இருந்தது. முந்தின வருஷம் துரையின் விருந்தாளியாக வந்த வெள்ளைக்கார ஓவியன் லால்பாக் பாறைமேல் உட்கார்ந்து கெம்பேகவுடா கோபுரத்தை வரைந்தான். அவனுக்குக் குடை பிடித்தவள் செசிலி. உன்னையும் படத்தில் போடுகிறேன் என்று அவன் சொன்னதிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. படம் லண்டனில் அச்சாகி வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. கோபுரத்தடியில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பெண், சேலை கட்டி, முக்காடு போட்டு, இடுப்பில் குடத்தோடு நின்றாள். பாவாடை கட்டிய ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சேலை ஏது, குடை பிடித்தவளுக்குக் குடம் ஏது? பெற்ற மனசு இதையெல்லாம் கேட்குமா! துரை சீமைக்குக் கிளம்பும்போது, உனக்கு என்ன வேண்டும் என்றார். மதலைமுத்து சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைக் காட்டினான்.

அவன் மனைவி அல்போன்சா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். தினமும் மெழுகுவத்தி ஏற்றி, அன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை அதனிடம் சொன்னாள்.

அடுத்து வேலைக்குச் சேர்ந்த வீட்டின் ஹாலில் தூசி தட்டப் போனவன் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டான். டில்லி குதுப்மினார். அதன் அடியில் செசிலி. அதே குடம், அதே முக்காடு, அதே ஒசிந்த இடுப்பு. அவன் மகள் ஓசூரைக்கூடத் தாண்டியதில்லை.

வீட்டுக்கார அம்மாள் இங்கேயே பிறந்து வளர்ந்த சட்டைக்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண். அவன் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது சும்மா, மேன்! வெறும் டவர் மட்டும் போட்டா நல்லா இருக்காதுன்னு லண்டன் அச்சாபீஸ்காரன் எல்லாப் படத்திலயும் இந்தப் பொம்பளையையே நிறுத்திடறான். எங்க தங்கச்சி வீட்லகூட இருக்கா."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அல்போன்சா பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கி புள்ள மொகம் வாடிக் கெடக்கு, பாருங்க. உங்க கையால ஒரு மெழுகுவத்தி ஏத்துங்களேன்."

சொன்னால் இவள் மகளை இன்னொரு தடவை புதைக்க வேண்டும். பாவி, எந்த வாயால் சொல்வான்? ஏற்றினான். படத்தில் இருப்பவள் யாரோ, போகட்டும், என் பிள்ளை எனக்குள் இருக்கிறாள் என்று கண்ணை மூடிச் செசிலியின் முகத்தைத் தேடினான். குடத்தோடு அந்தப் பெண்தான் வந்து நின்றாள். மறுபடி தேடினான். மறுபடியும் அவள்தான் வந்தாள்.