சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிய மெத்தை

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் கணவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன், அவருக்கும் அதுதான் பிடிக்கும். சோபாவோ நாற்காலியோ கார் சீட்டோ, பழசைப் பிரித்துப் புது ஃபோம் வைத்துக் கொடுப்பது அவர் வேலை. உறை தைப்பது என் வேலை. எங்கள் இருவரையும் மேய்ப்பது சூப்பர்வைசர் வேலை. சூப்பர்வைசர் என்பது பன்னிரண்டு வயது நாய். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்களைக் கவனிப்பதால் வந்த பதவி. சம்பளம் கேட்காத அதிகாரி என்பதால் நாங்கள் மரியாதை குறைக்காமல்தான் பேசுவோம்.

அந்தச் சூப்பர்வைசர் காலையில் எழுந்திருக்கச் சிரமப்பட ஆரம்பித்தார். முன்னங்கால் எழுந்துவிடும், பின்னங்கால் யோசிக்கும். மேஸ்திரி போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார். ஒரு மாதம் இப்படிப் போனபிறகு கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டரம்மா பின்னங்கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டும் தேஞ்சிருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா ஒண்ணு, இனிமே தூக்கி நிறுத்தாதீங்க. அவனே எந்திரிக்கணும். அந்தப் பழக்கம் விட்டுப்போச்சுன்னா கால்ல இருக்கிற சதையும் கரைஞ்சிடும். அப்புறம் படுத்த படுக்கைதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. தரையில போடாம, எந்திரிக்கத் தோதா நல்ல படுக்கையா பாத்து வாங்கிப் போடுங்க."

மேஸ்திரியின் காதில் விழுந்தது "வாங்கி" என்ற ஒரே சொல்தான். ஊருக்கெல்லாம் மெத்தை வைக்கிற மனிதர், சொந்த வீட்டு நாய்க்குக் கடையில் படுக்கை வாங்குவதா. இருந்தாலும் என் பிடுங்கல் தாங்காமல் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. ஒவ்வொரு படுக்கையையும் கவிழ்த்துப் போட்டுத் தையலைப் பார்த்தார். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டார். முஷ்டியால் நடுவில் ஒரு குத்து விட்டு, அது எழும்பி வரும்வரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். நான்காவது படுக்கைக்குள் கை போனபோது விற்பனைப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எல்லாம் துண்டுப் பஞ்சு," என்றார் வெளியே வந்து. "நான் பண்றேன் பாரு."

மேஸ்திரியின் தொழில் ரகசியம் ஒன்று உண்டு, அதை இங்கே போட்டு உடைத்துவிடுகிறேன். சோபா வாங்குகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பது அதிகபட்சம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் உடம்பு "ஆகா" என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதனால் மேலடுக்கு எப்போதும் மெத்தென்று இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் செய்த ஒரு சீட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை நாளைக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். யாரும் இல்லாவிட்டால் சூப்பர்வைசரிடம் சொல்வார்.

படுக்கை தயாரானது. பச்சை வெல்வெட், மூன்று பக்கம் உருண்டையான கைப்பிடி, நாலாவது பக்கம் சின்னத் திண்டு, நடுவில் ஆறு பொத்தான். நாய் எதற்குப் பொத்தான் கேட்டது என்று நானும் கேட்கவில்லை. விளிம்பு முழுக்கக் கயிறு பொதிந்த பைப்பிங் வைத்துத் தைத்தது நான்தானே. சூப்பர்வைசரை அதில் ஏற்றிவிட்டு மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது நிமிடத்தில் சூப்பர்வைசர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு கண்ணையும் மூடினார்.

"பாத்தியா," என்றார் மேஸ்திரி. மூன்றாவது நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னங்காலை ஊன்றினார். பின்னங்கால் ஃபோமுக்குள் புதைந்தது. மறுபடி ஊன்றினார், மறுபடி புதைந்தது. நாலு தடவை முயன்றுவிட்டு, எழுந்திருக்கிற எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை வெல்வெட்டில் ஈரம் பரவியது. பன்னிரண்டு வருடத்தில் பட்டறைக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, எனக்கும் அவரைப் பார்க்க முடியவில்லை.

மேஸ்திரி போய் இடுப்பைப் பிடித்தார்.

"தூக்காதீங்கன்னு சொன்னாங்கல்ல?"

"எங்க தூக்கினேன்? கை குடுத்தேன்."

நாலு நாள் இந்தக் கை கொடுக்கும் வைபவம் நடந்தது. குற்றம் முதலில் தரை மேல் விழுந்தது, அப்புறம் மாத்திரை மேல், அப்புறம் என் தையல் மேல். மெத்தையைத் தவிர எல்லாம் மாட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் முன்னங்காலைக்கூட ஊன்றவில்லை. மேஸ்திரி வரும் பக்கமாகக் கண்ணைத் திருப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டரம்மா சொன்னது இதைத்தான்.

மத்தியானம் சாப்பிட்டதும் சொன்னேன்: "நீங்க அதுல படுங்க."

"எதுக்கு?"

"நீங்க பண்ணது எப்படின்னு நீங்களே பாருங்க. மூணு நிமிஷம் இல்ல. நான் இந்த உறையத் தைச்சு முடிக்கிற வரைக்கும்."

பெருமையோடு போய், காலை மடக்கிக்கொண்டு படுத்தார். பக்கத்தில் தரையில் படுத்திருந்த சூப்பர்வைசர் ஒரு கண்ணைத் திறந்து வேலையைக் கவனித்தார். பத்து நிமிடத்தில் மேஸ்திரியின் குறட்டை என் மெஷின் சத்தத்தோடு போட்டிபோட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் கழித்து நூலை அறுத்துவிட்டு எழுப்பினேன்.

கையை ஊன்றினார், முழங்கைவரை புதைந்தது. முட்டியை ஊன்றினார், பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், அது அவரோடு சேர்ந்து சாய்ந்தது. நாலு தடவை ஆனது. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும், கொஞ்ச நேரம் படுக்கிறேன். நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"தூக்க மாட்டேன். டாக்டரம்மா கூடாதுன்னிருக்காங்க."

முறைத்தார். கடைசியில் திண்டின் மேல் உருண்டு தரையில் விழுந்து, நாலு காலில் தவழ்ந்து மேஜையைப் பிடித்து எழுந்தார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், முட்டியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கும்வரை. ஆறு மாதமாக, "மேல் தட்டுல ரெக்சின் இருக்கு, நீ எடு" என்று என்னை ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்து எவ்வளவு பேசியிருக்கிறேன். சுருக்கென்றது.

மேஸ்திரி குறடை எடுத்து மெத்தையின் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இருபத்தாறு வருடத்தில் முதன்முதலாகத் திரும்பி வந்த சரக்கு. கைப்பிடி போனது, திண்டு போனது, ஆறு பொத்தானும் போயின. பஸ் டிரைவர் சீட்டுக்குப் போடும் கெட்டி ஃபோமை எடுத்தார்.

"டிரைவர் நாள்பூரா உக்கார்றான், நாள்பூரா எந்திரிக்கிறான். மூணு நிமிஷக் கணக்கு அவனுக்கு ஆகாது," என்றார், தானே கண்டுபிடித்ததுபோல. முஷ்டியால் குத்தப் போனவர் நிறுத்தினார். "என் கனத்துக்குப் பாத்தா தப்பாயிடும். சூப்பர்வைசர் என்ன என் எடையா."

அதற்குப் பிறகு அவர் செய்தது என்னைக் கேட்காமல் என் தையல் மெஷினின் தலையைக் கழற்றியது. சூப்பர்வைசரின் பின்பாதி ஏறக்குறைய அந்தக் கனம்தான் என்றார். அதை ஃபோமில் வைத்து எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, ஒரு அடுக்கைச் சீவி, மறுபடி வைத்து, மறுபடி சீவினார். அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் திட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் நேராக மேஸ்திரியைத்தான் பார்த்தார். மேஸ்திரி காலெடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் முன்னங்காலை ஊன்றினார். பின்னங்கால் ஒன்று வழுக்கியது. மறுபடி ஊன்றினார். கால் நடுங்கியது, ஆனால் புதையவில்லை. நின்றார். நின்றவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். பிடித்த சட்டையை விடுவதற்கு எனக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் அதே கெட்டி ஃபோமில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி உறை தைக்கக் கொடுத்தார் மேஸ்திரி.

"யாருக்கு?"

"ஒரு கஸ்டமருக்கு."

அளவைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து வேலை செய்யும் ஸ்டூலின் அளவு. கஸ்டமர் எப்போது வந்து எடுத்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் அது ஸ்டூல் மேல் இருந்தது.

சாயந்திரம் பட்டறையை மூடும் நேரம். சூப்பர்வைசர் தானாக எழுந்து வாசலில் போய் நின்றார். மேஸ்திரி இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி எழப் பார்த்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். என் கை தானாக நீண்டது.

"வேணாம்," என்றார். "நானே எந்திரிக்கிறேன்."

கையை மடக்கிக்கொண்டேன். வாசலில் நின்ற சூப்பர்வைசர், மேஸ்திரி நிமிர்ந்து நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் வெளியே போனார்.