விமானத்துக்கு வைத்த பொட்டு

விஜயதசமி காலையில் பத்மஜா ஓட்டிய குட்டிப் பயிற்சி விமானம் வானத்துக்குப் போகவில்லை, புல்வெளிக்குப் போனது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதையில் எஞ்சின் உற்சாகமாக இரைந்துகொண்டிருந்தது. வேகம் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. பத்மஜா அதைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் பார்த்தாள். பதறிப்போய் எஞ்சினைக் குறைத்து, பிரேக்கை ஒரு பக்கம் கூடுதலாக மிதித்துவிட்டாள். விமானம் இடப்பக்கம் திரும்பி, ராத்திரி பெய்த துலாமழையில் ஊறிய புல்லில் இறங்கி, முன்சக்கரம் சேற்றில் புதையத் தலைகுனிந்து நின்றது. அவளுக்குச் சிறு கீறல்கூட இல்லை. முன்விசிறியின் நுனி மட்டும் வளைந்து போயிற்று.

பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கேப்டன் அருமைநாயகம் நாகர்கோவில்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தை இழுத்து வந்து, தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவியபின் வேகமுள்ளை அவரே சோதித்தார்.

"பிள்ளே, முள்ளு நல்லாத்தான் ஏறி இறங்குது" என்றார். "காரணமில்லாம ஒரு விபத்தும் கிடையாது. அதைத்தான் நான் எழுதணும். வேற ஒண்ணும் கிடைக்கல்லைன்னா, 'பயந்துட்டா'ன்னு எழுதுவேன். அப்படி எழுதினா நீ தனியாப் பறக்குறது நின்னுபோகும். முதல் பாடத்துல இருந்து வரணும். நாளைக்குக் காலையில யோசிச்சுட்டு வா."

முதல் பாடத்திலிருந்து என்றால் இன்னும் எத்தனை மாதம்! அதற்குள் அப்பா அவளை விட்டுவைப்பாரா?

விடவில்லை. இரவு கரமனை வீட்டில் அவள் சாப்பிட உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார்.

"போதும்டி பறந்தது. கழக்கூட்டத்துல ஏதாவது ஐ.டி. கம்பெனியில ஒரு வேலை பாரு. நாற்காலியில உக்காந்தமா, கம்ப்யூட்டரைத் தட்டினமான்னு இருக்கலாம்."

"அந்த நாற்காலிக்கும் சக்கரம் உண்டுப்பா."

"வாய் மட்டும் நன்னாப் பறக்கறது!"

அப்பா நீலகண்ட சாஸ்திரிகளின் கோபத்துக்குப் பின்னால் வேறொரு வருத்தம் இருந்தது. வண்டிப் பூஜைக்குக் கரமனையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டோவோ லாரியோ, புதிதாக வாங்கினால் முதலில் அவரிடம்தான் வரும். மகாநவமி அன்று பயிற்சிப் பள்ளியிலும் அவர்தான் ஆயுதபூஜை செய்தார். மறுநாளே அந்த விமானம் சேற்றில் கிடந்தால்?

"நான் பூஜை போட்ட வண்டி ஒண்ணாவது கவிழ்ந்திருக்கா, சொல்லு!" என்றார்.

"அடுத்தாத்து நாகேஸ்வரன் ஸ்கூட்டரோட ஓடையில விழல்லையா?" என்றாள் அடுக்களையிலிருந்து அம்மா விஜயம்.

"அது அவன் போன் பேசிண்டு ஓட்டினது. பூஜையில என்ன குறை? இந்த விமானத்துக்கும் ஒரு குறை வைக்கல்லை நான். சக்கரத்துக்கு, கதவுக்கு, ரெக்கைக்கு, வாலுக்கு, எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சேன். மூக்குக்குக்கூட நல்ல பெரிசா, நிறையவே வெச்சேன்."

பத்மஜா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எந்த மூக்குப்பா?"

"ரெக்கைக்குக் கீழே சின்னக் குழாய் ஒண்ணு நீட்டிண்டு இருக்கே, அதாக்கும். நுனியில ஓட்டைகூட உண்டே. ரெக்கை இருக்கு, வால் இருக்கு, அப்போ அது மூக்கு இல்லாம பின்னே என்ன?"

அவள் சாம்பார் சாதத்தை வெறுமனே அளைந்தாள். அந்தக் குழாய்க்குள் புகும் காற்றை வைத்துத்தான் விமானம் தன் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. அதை அடைத்தால் முள் அசையாது. அதற்காகவே, பறக்காத நேரங்களில் தூசியும் பூச்சியும் போகாமல் சிவப்பு உறை மாட்டி வைப்பார்கள்.

"அதுல உறை இருந்திருக்குமே?"

"இருந்தது. 'சாமி முன்னாடி காலுறை மாட்டிண்டு நிக்கறதே'ன்னேன். சுமந்த் உடனே கழட்டித் தந்தான். பூஜை முடிஞ்சு அவனே மாட்டினான். மரியாதை தெரிஞ்ச பையன்."

அப்பா கைகழுவப் போனதும் பத்மஜா மாடிக்கு ஓடிச் சுமந்துக்குப் போன் போட்டாள். பள்ளியின் இளம் இஞ்சினியர் அவன். இரண்டு வருடமாக அவளுக்கு எல்லாம் அவன்தான், வீட்டுக்குத்தான் தெரியாது.

விஷயத்தை அவனிடம் சொன்னாள். "அய்யோ பத்மா, நானாக்கும் அதைக் கழட்டினேன்" என்றான்.

"இஞ்சினியர்தானே நீ? வேண்டாம் மாமான்னு சொல்லக்கூடாதா?"

"உங்கப்பாகிட்டயா? அவர்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னுதானே பூஜைக்கே அவரை அழைச்சேன்! அவர் சொன்னதும் எனக்குக் குழாயாவது ஒண்ணாவது, ஒண்ணும் கண்ணில படல்லை."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொன்னால் அவள் பறக்கலாம். ஆனால் சுமந்தின் வேலை போகும், அப்பாவின் பேர் கரமனை முழுக்கச் சிரிப்பாகும். கூரைக்கு மேலே ஒரு விமானம் கடலைப் பார்த்துப் போனது. இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டு அங்கே ஏறிப்போய் என்ன காண? 'பயந்துட்டேன்' என்றே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் காலை அப்பா வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பஸ் பிடித்தாள். கேப்டனின் அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பளிச்சென்ற பஞ்சகச்சத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கழற்றி வைத்த குழாய்; பக்கத்தில் சுமந்த். அறையெங்கும் சந்தன மணம்.

"வாம்மா" என்றார் கேப்டன். "விடியக்காலமே இவன் வந்து குழாயைப் பிரிச்சான். வாயில இருந்த சந்தனம் கழுவினதுல போயிட்டு, அதான் நேத்து முள்ளு ஏறிச்சு. உள்ள ஒட்டினது அப்படியே இருக்கு. தப்பு என்னோடதுன்னு இவன் சொல்லுகான். அதுக்குள்ள சாமி வந்து, என்னோடதுன்னு சொல்லுகாரு. நீ எதுக்கு வந்திருக்கே?"

அப்பா அவளைப் பார்த்தார். "ராத்திரி நீ சாதத்தை அளைஞ்சிண்டு இருந்தப்போவே எனக்குப் புரிஞ்சு போச்சு. உங்கம்மா வேற, மூக்கை அடைச்சா மூச்சு எப்படி விடும்னு கேட்டா."

இனி மறைக்க ஒன்றுமில்லை. பத்மஜா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "சார், பறக்கறதுக்கு முன்னாடி உறையை எடுத்தது நான். பொட்டு கண்ணில பட்டது. பூஜை கழிஞ்ச வண்டியில சந்தனம் இருக்கத்தானே செய்யும்னு நெனச்சேன். வண்டி முழுக்கச் சந்தனம், அதுல இதுவும் ஒண்ணுன்னு விட்டுட்டேன். ஓட்டையைக் குனிஞ்சு பார்க்கல்லை."

கேப்டன் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பூஜையப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். "பொரியும் சர்க்கரையுமாத் தின்னுக்கிட்டு. எனக்கும் கண்ணு இருந்துதுல்லா? ஆக, நாலு பேரு சேர்ந்து ஒரு குழாயை அடைச்சிருக்கோம். அப்படியே எழுதுகேன். இனிமே சந்தனம் நோட்டீஸ் போர்டுக்கு மட்டும்தான். சுமந்து, கொஞ்ச காலம் உன் வேலை எல்லாத்தையும் சீனியர் இஞ்சினியர் பிந்து மேடம் ஒருக்கா பார்ப்பா. ரோஷப்படக் கூடாது."

"இல்லை சாரே."

"பிள்ளே, முள்ளு ஏறல்லைன்னதும் பறக்காம நிறுத்தினே பாரு, அது சரி. பிந்திப் பார்த்ததும் பிரேக்கை ஒரு பக்கமா மிதிச்சதும் தப்பு. ரெண்டு மூணு தடவை என்கூட வா. அப்புறம் தனியாப் போ."

பத்மஜா தலையாட்டினாள். பிறகு மெல்ல அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா... கழக்கூட்டம்?"

"என் விரல் பண்ணின காரியத்துக்கு நோக்கு எதுக்குடி தண்டனை?" என்றார் சாஸ்திரிகள். "பற. ஆனா ஓட்டையெல்லாம் பார்த்துட்டுப் பற."

"ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றார் கேப்டன். "படிச்ச இஞ்சினியரு ஏன் தடுக்கல்லை? அதையும் எழுதணும்லா."

"பெரியவர்ங்கற மரியாதை..." என்று இழுத்தான் சுமந்த்.

"மரியாதைக்கு முகம் இப்படிச் செவக்குமாடே?"

சாஸ்திரிகள் சுமந்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓஹோ" என்றார். "இதுக்கா? ஆத்துக்கு வந்து வாயைத் திறந்து கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ஒரு விமானத்தைச் சேத்துல இறக்கணுமோ?" போனை எடுத்து விஜயத்தை அழைத்தார். "கேட்டியா, சாயங்காலம் கேசரி கிண்டி வை. ஒரு பையன் ஆத்துலேர்ந்து வரப்போறா."

"சுமந்த் ஆத்துலேர்ந்துதானே?" விஜயத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ரவை கார்த்தாலேயே வாங்கி வெச்சாச்சு. ராத்திரி மாடியில அவ பேசினது தெருவுக்கே கேட்டது, உங்களுக்குத்தான் கேக்கல்லை!"

கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து தொப்பியை மாட்டினார். "வா பிள்ளே, அடுத்த வண்டி சும்மாதான் நிக்குது. மழைக்கு முன்னால ஒரு சுத்துப் போயிட்டு வந்திருவோம்."