மேஜைக்கடியில் ஒரு கால்

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் பேருந்து ஓட்டுநரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பகலெல்லாம் நெரிசலில் பிரேக் மிதித்த கால். வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தாலும் அது விடுவதாயில்லை. அவருக்கு இது தெரியாது, மகளுக்குத் தெரியும். கால் வேகமாக அழுத்தினால் அடுத்து அப்பா கத்துவார் என்று மேஜைக்கடியில் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தாள். இப்போதெல்லாம் அவர் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

பாப்பா எங்கே என்று அவர் கேட்டபோது மனைவி மறைக்கவில்லை.

"உங்க காலப் பாத்தாலே அவளுக்குச் சோறு எறங்கலையாம்."

அவருக்குச் சுருக்கென்றது. அன்று பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் நடத்துநரிடம் சொல்லிப் புலம்பினார். முதல் நடைக்கு முன்னால் கடைசி இருக்கையில் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது அந்த மனிதரின் வழக்கம். அதற்காக அவருக்குச் 'சாமியார்' என்று பெயர் வைத்ததே ஓட்டுநர்தான். நீங்களும் உட்காருங்கள் என்றார் சாமியார். ஓட்டுநர் கண்ணை மூடினால் பயணிகள் கதி என்ன ஆவது என்று கேலி பேசிக்கொண்டே இவரும் உட்கார்ந்தார்.

கண்ணை மூடியதுதான் தாமதம், குறுக்கே புகுந்த பைக் ஆசாமி முதல் சில்லறைக்குச் சண்டை போட்டவர் வரை அத்தனை பேரும் உள்ளே ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று எழப்போனார்.

"சண்ட வந்தா வரட்டும்ணே. தெரிஞ்சதும் மூச்சுக்குத் திரும்பிடுங்க. அவ்ளோதான் வேல."

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். ஆனாலும் மகள் சாத்திய கதவு கண்முன் நின்றதால் விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? போகப்போக, படுத்தால் தூக்கம் வந்தது, கழுத்து வலி குறைந்தது. நெரிசல் என்னவோ அப்படியேதான் இருந்தது.

ஒரு விடுமுறை நாள், மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மகள் கொண்டுவந்த தண்ணீர் ஜாடி கை நழுவி அவர் மடியிலேயே கவிழ்ந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைத்தான் பார்த்தாள். அவருக்குள் ஏதோ கிளம்பி வந்தது. மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். பிறகு தாமே போய்த் துணியெடுத்து வந்து துடைத்தார். கால் சும்மா இருந்தது.

"கோவம் வரலையாப்பா?"

"வந்துச்சும்மா. வந்தது தெரிஞ்சுது, அதனால நின்னுட்டேன்." துணியைப் பிழிந்தபடி சொன்னார்: "பஸ்ஸுக்கு பிரேக் இருக்கான்னு தெனமும் பாத்தேன், மனசுக்கு இருக்கான்னு பாக்கவே இல்ல. தெனம் கொஞ்ச நேரம் அமைதியா ஒக்காந்து மூச்சக் கவனிச்சா நமக்கு மட்டும் நல்லதில்ல, கூட இருக்கறவங்களுக்கும் நிம்மதி. இது எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு."

மகள் தன் தட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.