சிக்ஸ்தன் வாங்கிவந்த கேக்

சுவீடனின் கிழக்குக் கரையில், அணுமின் நிலையத்தை ஒட்டி இருந்த அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் கையுறைகள், துடைத்த துணிகள், கிழிந்த மேலங்கிகள். கதிரியக்கம் மிகச் சிறிதளவே ஒட்டியிருக்கும் அந்தக் கழிவைப் பிரித்து உருளைகளில் நிரப்புவது மாரித்தின் பணி. நிரம்பிய உருளையை, பின்னர் கடலடிப் பாறைக்குள் புதைப்பதற்காக, இயந்திரத்தில் வைத்து அமுக்குவது சிக்ஸ்தனின் பணி. நீர்மம் எதுவும் உள்ளே போய்விடக்கூடாது என்பதால் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மாரித் முகமூடியைக் கழற்றிய பிறகுதான் மேசை ஓரத்தில் ஒரு பை மிஞ்சியிருப்பதைக் கண்டார். தூக்கியபோது கனத்தது, உள்ளே ஏதோ உருண்டது. திறப்பதென்றால் மறுபடி எல்லாவற்றையும் அணிய வேண்டும். கணவரும் பிள்ளைகளும் படகுத்துறையில் காத்திருந்தனர். பையை அப்படியே உருளையில் போட்டு மூடிவிட்டார்.

திங்களன்று, அமுக்கி முடித்து இயந்திரக் கதவைத் திறந்த சிக்ஸ்தனின் தலையில் நீர் பீறிட்டுத் தெறித்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் மருத்துவர். ஆனால் எத்தனை முறை கழுவியும் கதிரியக்க அளவுமானியின் ஒலி அடங்காததால் தலையை மழிக்க வேண்டியதாயிற்று. வெட்டிய முடியும் கழிவுப் பைக்கே போனது. ஈரத் துணிகளில் கசியும் நீர் வடியுமுன் தாம் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டதாகச் சிக்ஸ்தன் நம்பினார். மற்றவர்களும் நம்பினர். மாரித் மறுத்துப் பேசவில்லை.

தவறு செய்தவர் காபி வேளைக்குக் கேக் வாங்கிவருவது அங்கே வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை சிக்ஸ்தன், மார்சிபான் என்னும் பச்சைநிறப் பாதாம் இனிப்பு போர்த்திய பெரிய கேக்குடன் வந்தார்.

"சாப்பிடுங்கப்பா, அவசரக்குடுக்கை வாங்கின கேக்கு," என்றார்.

"மொட்டை உனக்கு எடுப்பாத்தான் இருக்கு, இனி சீப்புச் செலவு மிச்சம்," என்று யாரோ சீண்ட, எல்லாரும் சிரித்தனர்.

சிக்ஸ்தனும் சிரித்தார். பிறகு மேலாளர் உல்ரிகாவிடம், இனித் தம்மை நம்பி இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டாம், கிடங்குக்கு மாற்றிவிடலாம் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். அந்த இயந்திரத்தைச் சிக்ஸ்தன் எவ்வளவு அக்கறையோடு பேணிவந்தார் என்பது அனைவரும் அறிந்ததே. பிறகு கேக்கின் முதல் துண்டை வெட்டி மாரித்திடம் நீட்டினார்.

"அன்னிக்குத் தெறிச்ச தண்ணிக்காக உன்னையும் தரையைத் தேய்க்க வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காத."

மாரித் தட்டை வாங்கி, தொடாமல் மேசைமேல் வைத்தார்.

"தப்பு உன் மேல இல்ல சிக்ஸ்தன். ஒரு பைய நான் திறக்காமலே போட்டேன். உள்ள பாட்டில் மாதிரி ஏதோ உருண்டுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

சிக்ஸ்தன் கத்தியைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சிக்ஸ்தன்.

"தெரியும்."

"என் தலையை மழிச்சப்ப துண்டைப் பிடிச்சிக்கிட்டு நீதான பக்கத்துல நின்ன?"

"ஆமா."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாரித்துக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

வேறு பைகளும் அப்படிப் போயிருக்குமா என்று உல்ரிகா வினவினார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல மாரித் வாயெடுத்தார். "இல்லன்னுதான் நெனைக்கிறேன்" என்றே வந்தது. நினைப்பதை வைத்து உருளைகளைக் கடலடிப் பாறைக்குள் புதைக்க இயலாது என்றார் உல்ரிகா. சிக்ஸ்தன் இயந்திரத்திலேயே தொடர்வார் என்றும் முடிவு சொன்னார். ஆனால் அதற்கு முன், மாரித் நிரப்பி இன்னும் அமுக்கப்படாத உருளைகள் யாவும் திறந்து பார்க்கப்பட வேண்டும், இருவருமாகவே.

உடைமாற்றும் அறையில், கையுறையும் சட்டைக்கையும் சேருமிடத்தில் ஒருவருக்கு மற்றவர்தான் ஒட்டுநாடா சுற்றிவிட வேண்டும். சிக்ஸ்தன் மாரித்தின் முகத்தைப் பாராமல் மணிக்கட்டுகளை நீட்டினார். மாரித் இடைவெளி விடாமல், மிகுந்த கவனத்தோடு சுற்றினார்.

சுற்றி முடித்ததும் சிக்ஸ்தன் விளக்கின் அடியில் போய் நின்று, நாடாவின் விளிம்பை விரலால் மெல்ல ஒரு சுற்று தடவிச் சரிபார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.