ஏழாம் படுக்கையின் தூக்கம்

பக்கவாத வார்டில் யாருக்கு என்னென்ன மருந்து போகிறது என்று கணக்கெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் மருந்தாளுநர், வாயும் கொஞ்சம் நீளம். நாற்பத்தோரு நோயாளிகள், முந்நூற்றெண்பது மருந்துகள். ரத்தம் உறையாமலிருக்க, கொழுப்புக்கு, ரத்த அழுத்தத்துக்கு, எல்லாம் சரி. ஆனால் முப்பத்து மூன்று பேருக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை! வார்டே வயிறு எரிந்து கிடக்கிறதா என்ன? யார் ஆரம்பித்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “நேத்து சார்ட்ல இருந்துச்சு, இன்னைக்கும் எழுதிட்டேன்.”

செவ்வாய்க்கிழமை ஏழாம் படுக்கைக்கு வந்தேன். ஒரு டெய்லர். வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு குழறும் என்று எழுதியிருந்தது. சேர்ந்த நாளுக்குப் பிறகு அந்தக் குழறலைக்கூட யாரும் கேட்டதில்லை. மனிதர் எந்நேரமும் தூக்கம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கை கால் பயிற்சிக்கு எந்திரிக்கலேன்னா வெளியூர் பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடுவாங்களாம்,” என்றார் அவர் மனைவி. “மூணு பஸ் மாறணும்மா. வாரத்துக்கு ஒரு தடவைதான் பாக்க முடியும்.”

சார்ட்டைப் புரட்டினேன். சேர்ந்த அன்று முரண்டு பிடித்தார் என்று தூக்க மாத்திரை, மூன்று வேளை, அன்றைக்கு மட்டும். மறுநாள் வந்த டாக்டர் அதைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து அடுத்தவர். பதினொரு நாளாகக் கையெழுத்து மாறியது, மாத்திரை மாறவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதைவிடச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மனிதர் எழுந்துவிடுவார்!

லிஃப்ட் வரவில்லை. பெரிய டாக்டரின் அறைக்கு நான்கு மாடி ஏறி ஓடினேன். மூன்றாவது மாடியில் ஒரு செருப்பு போயிற்று.

“மூளை வீக்கத்தால தூங்குறார்னு நினைச்சோம்,” என்றார் பெரிய டாக்டர்.

“வீக்கமெல்லாம் இல்ல சார், நாமதான் தாலாட்டிக்கிட்டு இருக்கோம்!”

அவர் பதினொரு தாளையும் புரட்டினார். மாத்திரையைக் கோடு போட்டு அடித்தார்.

புதன்கிழமை காலை அது சார்ட்டில் மறுபடி முளைத்திருந்தது! புதிதாக வந்த பயிற்சி டாக்டர் திங்கட்கிழமைத் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார். காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து அடிக்க வைத்தேன். அப்புறம் மருந்து கொடுக்கும் மூன்று வேளையும் நானே போய் நின்றேன்.

வெள்ளிக்கிழமை. டெய்லரின் மனைவி பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு குனிந்தார். டெய்லரின் இடது கை மேலே வந்து, வெள்ளைக் கோட்டைப் பிடித்து, தோளைச் சாணால் அளந்தது.

“தோ...தோள் எறக்கம். யாரு... தச்சது?”



“கடைல ரெடிமேடா வாங்கினது,” என்றார் டாக்டர் பணிவாக.

“தெரி...யுது.”

நான் சிரித்த சிரிப்பில் சார்ட் கீழே விழுந்தது. டெய்லரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். “ரெண்டு வாரமா வாயே தொறக்கல, தொறந்ததும் குத்தம் சொல்றாரு பாருங்க!”

“இவர் எங்கேயும் போகல,” என்றார் பெரிய டாக்டர். “இன்னைக்கே பயிற்சி ஆரம்பிங்க.”

அந்த அம்மா பையை அவிழ்த்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். டெய்லர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மடிப்பு... கோணல்.”

அந்த அம்மா திட்டிக்கொண்டே உதறி, மறுபடி மடித்தார்.