பத்தே நாளில் உங்கள் பெயரில் சைட்

தேவதர்ஷினி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் தொடங்கியபோது, அஸ்தினாபுரத்தில் பாராட்டாதவர்கள் இல்லை. காசு கொடுத்துச் செய்துகொள்ளத்தான் ஒருவரும் இல்லை. வடாம் விற்கும் பெரியம்மாவுக்கு ஒன்று வேண்டியிருந்தது, யோகா சொல்லிக்கொடுக்கும் மாடிவீட்டு மாமிக்கு ஒன்று வேண்டியிருந்தது. நம்ம பொண்ணுதானே என்பதால் இரண்டும் இலவசமாக வேண்டியிருந்தது.

பழைய ஆபீசில் ஒன்றாம் தேதி வரை அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் காசு கொடுக்கிற ஒரே ஒரு ஆள் கிடைத்தால் தொழில். இல்லாவிட்டால் மறுபடி அந்த நாற்காலி. கணவன் பிரணவோடு அப்படி ஒப்பந்தம்.

அதனால் நோட்டீஸ் அடித்தாள். வங்கியில் ஓய்வு பெற்ற மாமனார் ராஜகோபாலன் அதன் தமிழைத் திருத்திக் கொடுத்தார். வெப்சைட் என்று நீட்டி முழக்க வேண்டாம், சைட் என்றாலே ஜனங்களுக்குப் புரியும் என்றார். முடிச்சூரிலிருந்து ஊரப்பாக்கம் வரை பேப்பருக்குள் செருகிப் போயிற்று: 'சொந்தமாக சைட் இல்லையா? பத்தே நாளில் உங்கள் பெயரில் சைட். தவணை வசதி உண்டு.'

ஜனங்களுக்குப் புரிந்தது. போன் ஓயவில்லை. எத்தனை சதுர அடி, பட்டா தனியாக உண்டா, கிழக்கு பார்த்ததா, ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா. இது இன்டர்நெட்டில் இருக்கிற சைட் என்று அவள் விளக்கியதும், ஒரு அம்மாள் அது செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கமா என்று கேட்டாள்.

மறுநாள் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். மனை விற்கிற பூவராகன்.

"இன்னாம்மா, முப்பது வருசமா முடிச்சூர்ல நான் மனை விக்கிறேன். என்னைக் கேக்காம எந்த சைட்டை விக்கிற நீ?"

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோட்டீசுக்கு எத்தனை போன் வந்தது என்று மட்டும் விசாரித்தார். சொன்னாள். உட்கார்ந்துவிட்டார். தன் மனைகளுக்கு ஒரு வெப்சைட் செய்யச் சொல்லி, பேரம் பேசாமல் அட்வான்சும் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"அந்த எடத்துல மழைக்குத் தண்ணி நிக்கும். நிக்காதுன்னு போட்ரு."

பொய் எழுத அவளுக்கு மனசில்லை. காசு கொடுத்த ஆளை விடவும் மனசில்லை. 'தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத இடம்' என்று எழுதினாள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று பிரணவிடம் சத்தியம் செய்தாள். பூவராகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ராஜகோபாலனுக்கும் குளிர்ந்தது.

"தர்ஷினி, இதுல ஒரு மனை நமக்கே வாங்கிப் போட்டு வெச்சா என்ன?"

"வேண்டாம் மாமா."

"ஏன்? தண்ணிப் பஞ்சம் இல்லேன்னு நீதானே எழுதியிருக்கே?"

"இடுப்பளவு நிக்கும் மாமா. அதைத்தான் எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். ஊரை ஏமாற்றுகிறாயே என்று திட்டப்போகிறார் என அவள் காத்திருந்தாள். பிரமாதமாக எழுதியிருக்கிறாய் என்றார். நம்ம மனுஷாளுக்கு மட்டும் சொல்லிவைத்தால் போதும் என்றார். குடும்ப வாட்ஸப் குரூப்பில் லிங்கைப் போட்டுக் கீழே எழுதினார்: 'என் மருமகள் செய்த சைட். அனைவரும் பார்க்கவும். யாரும் வாங்க வேண்டாம். இடுப்பளவு தண்ணீர்.'

நம்ம மனுஷாளுக்கும் நம்ம மனுஷாள் உண்டு. சாயங்காலத்துக்குள் அது காலனி நலச்சங்கம், கோயில் பஜனைக் குழு, வாக்கிங் போகிறவர்கள் குழு எல்லாம் சுற்றி முடிச்சூருக்கே போய்ச் சேர்ந்தது.

பூவராகன் கத்தவில்லை. போன் செய்து நிதானமாகவே பேசினார்.

"நான் காசு குடுத்து செஞ்ச சைட்டை நாப்பது பேருகூடப் பாக்கல. உன் மாமனாரு ஓசியில போட்ட நாலு வரியை ஊரே படிச்சிகினு கீது. நீ அதை எடுத்துடும்மா. அந்தப் பெரியவரு நம்பரை மட்டும் அனுப்பு."

அனுப்பினாள்.

ஒன்றாம் தேதி காலை பழைய ஆபீசுக்குப் போக, குரோம்பேட்டையில் ரயில் பிடிக்க அவள் கிளம்பியபோது ராஜகோபாலன் போனில் இருந்தார். பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்தி வழியனுப்பினார். முதலில் அட்வான்ஸ், அப்புறம்தான் எழுத்து என்று அவர் பூவராகனிடம் கறாராகச் சொல்வது தெருமுனை வரை கேட்டது.